டேங்கைத் திறக்காமலே சுத்தம் செய்துவிட முடியுமா? டீசல் வடிகட்டும் தள்ளுவண்டி: ஒரு மதிப்புரை

பழைய புல்டோசர், வீல் லோடர், மோட்டார் கிரேடர் போன்ற கனரக இயந்திரங்களை வைத்திருப்பவர்களுக்காக விற்கப்படும் டீசல் வடிகட்டும் தள்ளுவண்டி ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. இரண்டு சக்கரங்கள் கொண்ட இரும்புச் சட்டத்தில் மோட்டாருடன் கூடிய ஒரு பம்ப், அதற்கு முன்னால் கம்பிவலை ஸ்ட்ரெய்னர், அதற்கும் பம்புக்கும் நடுவில், தண்ணீரைப் பிரித்தெடுக்கும், அடியில் கண்ணாடிக் கிண்ணம் வைத்த வாட்டர் செப்பரேட்டர், கடைசியில் ஒரு நுண்ஃபில்டர், உறிஞ்சுவதற்கு ஒரு ஹோஸ், திருப்பி விடுவதற்கு ஒரு ஹோஸ் என எல்லாவற்றையும் பொருத்தியிருக்கிறார்கள். கூடவே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஒரு குப்பியும் தருகிறார்கள். டேங்கைக் கழற்றவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம் என்பதுதான் விற்பவர்கள் முன்வைக்கும் பெரிய வாதம். நெடுநாள் ஓடாமல் நின்ற ஒரு லோடரிலும், அதைவிட வயதான ஒரு புல்டோசரிலும் இதைப் பயன்படுத்திப் பார்த்ததில், டீசலைச் சுத்தம் செய்யும் வேலையை வண்டி ஒழுங்காகவே செய்கிறது என்பது தெரிந்தது; டேங்கையும் அதுவே சுத்தம் செய்துவிடும் என்று நம்பி யாரும் வாங்க வேண்டாம் என்பதும் தெரிந்தது. இதே அமைப்பில் பல தயாரிப்புகள் விற்பனையில் இருப்பதால், பெயரை விட்டுவிட்டு அமைப்பைப் பற்றியே எழுதுகிறேன்.

வண்டியின் தகுதியை எடைபோட வேண்டுமானால், பழைய டேங்குக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். டீசலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால், உள்ளே வந்த தண்ணீர் அடியில் போய்த் தங்கிவிடும். அது மழையால் மட்டும் வருவதில்லை. பாதி காலியாக நிற்கும் டேங்கில் பகலின் சூட்டில் விரிந்து வெளியேறும் காற்று, இரவில் குளிர்ந்ததும் வெளிக்காற்றின் ஈரத்தோடு உள்ளே வந்து தகட்டில் வியர்க்கிறது. அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் டி975, டீசலில் தண்ணீரும் வண்டலும் சேர்ந்து கன அளவில் 0.05 சதவீதம் வரை இருக்க அனுமதிக்கிறது. 400 லிட்டர் டேங்கில் அது 200 மில்லிலிட்டர். அதாவது தரத்தில் தேறிய டீசலை நிரப்பிக்கொண்டே வந்தாலும், வடித்துவிடாத டேங்கின் அடியில் தண்ணீர் சேர வாய்ப்பு இருக்கிறது. ஐரோப்பாவின் ஈஎன் 590 தரநிலை இதைவிடக் கண்டிப்பானது. ஒரு கிலோ டீசலில் 200 மில்லிகிராம் தண்ணீருக்கு மேல் கூடாது என்கிறது. பயோடீசல் கலந்த எரிபொருள் சாதாரண டீசலைவிட அதிகத் தண்ணீரைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் மெல்லிய எல்லையில்தான் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்கின்றன. உணவு டீசலிலிருந்தும், உயிர் வாழ்வதற்கான ஈரம் கீழே இருக்கும் தண்ணீரிலிருந்தும் கிடைக்கிறது. இவற்றில் பேர்போனது ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை. மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்ற செல்லப் பெயர் கொண்ட இது, ஜெட் விமானங்களின் எரிபொருள் டேங்குகளிலும் ஒரு காலத்தில் பெரும் தொல்லை தந்தது. மெக்கானிக்குகள் பொதுவாகப் பாசி என்று சொல்லும் பழுப்பும் கறுப்புமான வழுவழுப்பான படலம் உண்மையில் பாசி அல்ல. வெளிச்சமே இல்லாத டேங்குக்குள் பாசி வளர வழியில்லை. பெயர் எதுவானாலும் விளைவு ஒன்றுதான்: அது வெளியிடும் அமிலங்கள் தகட்டை அரிக்கின்றன, துரு உதிர்கிறது, துருவும் படலமும் சேர்ந்து சகதியாகின்றன. இதற்கு மேல், எஞ்சினிலிருந்து சூடாகத் திரும்பி வரும் டீசல் ஆண்டுக்கணக்கில் காற்றோடு வினைபுரிந்து உண்டாகும் பிசினும் இருக்கிறது. ஃபில்டரை அடைக்கும் கறுப்புப் பொருள் எல்லாமே நுண்ணுயிர் அல்ல என்பதால்தான், மருந்து ஊற்றியும் பலன் இல்லை என்ற புகார் அடிக்கடி எழுகிறது.

வண்டியை டேங்க் பக்கம் கொண்டுபோவதற்கு முன், நோய் இதுதானா என்று உறுதிசெய்துகொள்வது நல்லது. வழக்கமான அறிகுறி எல்லோருக்கும் தெரிந்ததே: இயந்திரம் நன்றாக ஸ்டார்ட் ஆகும், சிறிது நேரம் வேலை செய்யும், சுமை ஏறியதும் மூச்சுத் திணறி நின்றுவிடும், சற்று நேரம் விட்டுப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஸ்டார்ட் ஆகும். உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொண்ட படலம், உறிஞ்சுதல் நின்றதும் கழன்று கீழே விழுந்துவிடுவதே காரணம். ஆனால், டேங்கின் மூச்சுத்துளை மண்ணால் அடைந்திருந்தாலும் அச்சு அசலாக இதே அறிகுறிதான் தெரியும். உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் வராமல் போகும். எஞ்சின் திணறும் அந்த நேரத்தில் டேங்க் மூடியைத் திறந்துபாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு எஞ்சின் தெளிந்தால், தேவைப்படுவது இந்த வண்டியல்ல, ஒரு துண்டுக் கம்பியும் ஐந்து நிமிடமும்தான். உறிஞ்சும் பக்கத்தில் வெடித்துப்போன பழைய ரப்பர் ஹோஸ் காற்று இழுத்தாலும் இதைப் போன்றே நடக்கும்.

அது இல்லை என்று தெரிந்த பிறகு, ஓரிரவு அசையாமல் நின்ற டேங்கின் அடியிலுள்ள டிரெயின் பிளக்கை மெதுவாகத் தளர்த்தி, முதலில் வருவதை ஒரு கண்ணாடி ஜாடியில் பிடிக்க வேண்டும். லோடரில் பிடித்தபோது ஜாடியின் அடியில் தேநீர் நிறத் தண்ணீர், அதன் தலையில் கிழிந்த துணி விளிம்பைப் போலத் தொங்கும் ஒரு கறுத்த படலம், அதற்கு மேலே மங்கலான டீசல் என்று மூன்று அடுக்குகள் தெளிவாகத் தெரிந்தன. ஜாடியைச் சாய்த்தபோது தண்ணீர் நகர்ந்தது, படலம் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டது. பிளக் துருப்பிடித்து அசையாவிட்டால், தண்ணீர் காட்டும் களிம்பை அளவுகோலின் நுனியில் தடவி அடிவரை இறக்கிப் பார்க்கலாம். பொன்பழுப்புக் களிம்பு தண்ணீர் நிற்கும் உயரம் வரை பளிச்சென்று சிவப்பாக மாறும். டீசலில் கரைந்தோ கலங்கியோ இருக்கும் தண்ணீரை இந்தக் களிம்பு காட்டாது. கழற்றிய ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்துப் பார்ப்பதும் பயன் தரும்: செம்பழுப்புத் தூள் என்றால் துரு, வழுவழுப்பும் அழுகல் வாடையும் என்றால் நுண்ணுயிர், தார் பூசியதுபோல உலர்ந்த கறுப்பு என்றால் பெரும்பாலும் பழைய டீசலின் பிசின்.

லோடரில் இந்த வண்டி நல்ல பெயர் வாங்கியது. அடித்தண்ணீரை வடித்த பிறகு, உறிஞ்சும் குழாயை நிரப்பும் வாய் வழியாக அடிவரை இறக்கி, திரும்பும் ஹோஸை டேங்கின் மறுகோடியில் வைத்து ஓட்டினோம். தொடக்கத்தில் கண்ணாடிக் கிண்ணத்தில் மோர் நிறத்தில் கலங்கி விழுந்தது போகப்போகத் தனித்தனி நீர்முத்துகளாகி, பின் அதுவும் நின்றது. எத்தனை சுற்று போதும் என்பதற்குக் கையேட்டில் பதில் இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுத்தமான டீசல் அதே டேங்குக்குள் திரும்பி அழுக்கோடு கலந்துகொண்டே இருப்பதால், டேங்கின் கொள்ளளவு ஒருமுறை வண்டி வழியாகப் போய்விட்டது என்றால் எல்லாம் சுத்தமாகிவிட்டது என்று பொருளல்ல. டேங்குக்குள் டீசல் முழுமையாகக் கலக்கிறது என்றும், ஃபில்டர் தன்னிடம் வந்த அழுக்கு அனைத்தையும் பிடிக்கிறது என்றும் வைத்துக்கொண்டால்கூட, ஒரு சுற்றுக்குப் பின் மிதக்கும் அழுக்கில் ஏறக்குறைய 37 சதவீதம் மிச்சமிருக்கும். மூன்று சுற்றுக்குப் பின் 5 சதவீதம். ஐந்து சுற்றுக்குப் பிறகுதான் அது ஒரு சதவீதத்துக்குக் கீழே இறங்கும். நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளும் பம்ப், 400 லிட்டர் டேங்கை ஐந்து முறை சுற்ற 100 நிமிடம் ஆகும். விற்பனைக் காணொளிகளில் காட்டுவதுபோலக் கால்மணி நேரத்தில் முடிகிற வேலை அல்ல இது.

புல்டோசரில் கதை வேறு. அங்கேயும் கிண்ணம் தெளிந்தது, ஜாடியில் பிடித்த டீசலும் பார்வைக்குத் தங்கம் போல இருந்தது. ஆனால் இயந்திரம் சரிவில் ஏறி இறங்கி வேலை செய்ததும் ஃபில்டர் மறுபடியும் அடைந்தது. டேங்கின் மேலிருந்த ஆய்வுத் தகட்டைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. டீசல் அலம்பாமல் இருப்பதற்காக உள்ளே குறுக்குத் தடுப்புகளைப் பற்றவைத்திருக்கிறார்கள்; அவற்றின் கீழே டீசல் கடக்க விடப்பட்டிருக்கும் வெட்டுகள் துருவாலும் சகதியாலும் பாதி மூடிக்கிடந்தன. உறிஞ்சு குழாய் இருந்த அறை மட்டும் ஓரளவு சுத்தமாக இருந்தது. அடுத்த அறையில் விரல் பதியும் தடிமனில் களிமண் போன்ற படிவு, அதில் எப்போதோ உள்ளே விழுந்த ஒரு கந்தைத் துணியின் மிச்சம், அதனடியில் இன்னும் தேங்கியிருந்த தண்ணீர். ஒரு மூலையில் வைத்து உறிஞ்சும் விரற்கடை ஹோஸுக்கு இந்தப் படிவைக் கிளப்பும் விசை எங்கிருந்து வரும்? இயந்திரம் குலுங்கும்போது வரும் அளவு விசை இந்த வண்டியின் திரும்பும் ஹோஸிலிருந்து வராது.

ஆகவே, பழைய டேங்கில் செய்ய வேண்டிய வேலையின் வரிசையையே விளம்பரம் தலைகீழாக்கிவிடுகிறது என்பது என் முக்கியமான குறை. தகட்டைத் திறந்து, டீசலைச் சுத்தமான பீப்பாய்களுக்கு மாற்றி, படிவைச் சுரண்டி அள்ளி, தடுப்புகளின் வெட்டுகளைத் திறந்து, நூல் உதிராத துணியால் துடைத்த பிறகு, அந்தப் பீப்பாய் டீசலை டேங்குக்குத் திருப்பும் வழியில் வைத்து ஓட்டினால் வண்டி தன் முழுப் பயனைத் தருகிறது. ஒரே ஓட்டத்தில் எல்லா டீசலும் ஃபில்டர் வழியாகத்தான் டேங்குக்குப் போகும் என்பதால் மேலே சொன்ன சுற்றுக் கணக்குத் தொல்லையும் இல்லை. புல்டோசரில் இறுதியில் அப்படித்தான் செய்தோம். அதன் பிறகு ஃபில்டர் தன் வழக்கமான ஆயுளுக்குத் திரும்பியது. ஆய்வுத் தகடு இல்லாத டேங்கென்றால் இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கிய டேங்கை நீராவியாலோ அழுத்த நீராலோ கழுவுபவர்கள், உடனே சூடான காற்றால் உலர்த்தி டீசலால் அலசாவிட்டால், கழுவிய தகடு அன்றைக்கே செந்துரு பூத்துவிடும். முன்பு யாரோ உள்ளே பூசிய எப்பாக்சி பூச்சு செதில் செதிலாக உரிந்துவருகிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்படியிருந்தால் எந்த ஃபில்டராலும் அதைச் சமாளிக்க முடியாது.

ஓட்டை அடைக்க டேங்கைப் பற்றவைப்பது பற்றியும் ஒரு சொல். டீசல் எளிதில் தீப்பிடிக்காது என்று நம்பிக் காலி டேங்கில் வெல்டிங் வைப்பவர்கள் உண்டு. டீசலின் தீப்பற்று நிலை, அதாவது அதன் ஆவி சுடர் பட்டால் பற்றிக்கொள்ளும் வெப்பநிலை, ஈஎன் 590 தரநிலைப்படி 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் வெல்டிங் சுடர் பட்ட தகடு அந்த வெப்பத்தை நொடியில் தாண்டும், தையல்களில் ஒட்டியிருக்கும் படிவு ஆவியாகும், காலி டேங்க் குண்டாகிவிடும். முறையாக வாயு நீக்கிச் சோதித்த பிறகே, அதுவும் தெரிந்தவர் கையால்தான், இந்த வேலை நடக்க வேண்டும். நெடுநாள் தேங்கிய அடித்தண்ணீரில் சல்பேட்டை உண்ணும் பாக்டீரியா இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் உண்டாகக்கூடும் என்பதால், பெரிய டேங்குக்குள் தலையை நுழைத்து மூச்சிழுத்துப் பார்க்கும் பழக்கமும் ஆபத்தானது.

இனி வண்டியின் உறுப்புகளுக்கு வருகிறேன். பம்ப் டயாஃப்ரம் வகை, அதாவது ஒரு சவ்வு முன்னும் பின்னும் அசைந்து டீசலைத் தள்ளும் வகை. இது நல்ல தேர்வு. வேகமாகச் சுழலும் மையவிலக்குப் பம்ப் தண்ணீரை நுண்துளிகளாக அடித்துக் கலக்கிவிடும், பிறகு செப்பரேட்டரால் அதைப் பிரிக்க முடியாது. செப்பரேட்டரைப் பம்புக்கு முன்னால் வைத்திருப்பதும் அதே காரணத்தால் சரியே. நுண்ஃபில்டரின் மேல் 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள்; எந்தத் திறனில் 2 மைக்ரான் என்று எழுதவில்லை. ஃபில்டரின் திறனைச் சொல்லும் எண் பீட்டா; பீட்டா 200 என்றால் அந்த அளவுள்ள துகள்களில் 99.5 சதவீதம் பிடிபடும் என்று பொருள். அந்த எண்ணைத் தராத ஃபில்டர் பாதியைக்கூடக் கோட்டைவிடலாம். வாகன, எஞ்சின் உற்பத்தியாளர்கள் சேர்ந்து வெளியிடும் உலகளாவிய எரிபொருள் சாசனம் துகள்களை எண்ணித் தரம் பிரிக்கும் ஐஎஸ்ஓ 4406 முறையில் 18/16/13 என்ற தூய்மையைக் கேட்கிறது: ஒரு மில்லிலிட்டரில் 4 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் 2,500-ஐயும், 6 மைக்ரானுக்கு மேற்பட்டவை 640-ஐயும், 14 மைக்ரானுக்கு மேற்பட்டவை 80-ஐயும் தாண்டக் கூடாது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் டீசல் இந்த வரம்பில் தோற்கலாம். மனிதக் கண்ணுக்குப் புலப்படும் துகள் ஏறக்குறைய 40 மைக்ரானில்தான் தொடங்குகிறது. எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பழைய இயந்திர வகை இன்ஜெக்ஷன் பம்புகள், ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எல்லா சிலிண்டர்களுக்கும் டீசல் தரும் புதிய காமன் ரெயில் அமைப்புகளைவிடச் சற்றுப் பொறுமைசாலிகள் என்றாலும், அவற்றின் பிளஞ்சர் என்ற தள்ளுதண்டுக்கும் அது ஓடும் உருளைக்கும் இடையிலும் சில மைக்ரான் இடைவெளிதான், மசகாக இருப்பதும் டீசலேதான்.

அழுத்தமானி ஒன்றே ஒன்று, அதுவும் பம்புக்குப் பின்னால். ஃபில்டரின் முன்னும் பின்னும் ஒவ்வொன்று இருந்தால்தான் அடைப்பு எவ்வளவு என்று தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் வெற்றிடமானி இல்லாததால் ஸ்ட்ரெய்னர் அடைந்ததைப் பம்பின் ஓசை மாறுவதை வைத்தே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. உறிஞ்சும் குழாய் வளையாத அலுமினியக் குழாய். நிரப்பும் வாயில் சல்லடை வைத்த டேங்குகளில் அது நுழையாது. நுண்ஃபில்டர் வழியாக வேகமாக ஓடும் டீசலில் நிலைமின்னேற்றம் சேரும் என்பதால் வண்டியையும் டேங்கையும் இணைக்கும் பூமிக்கம்பி கட்டாயம் இருந்திருக்க வேண்டும். இல்லை, நாங்களே கிளிப் வைத்துக் கட்டிக்கொண்டோம். கிண்ணத்தின் வடிகுழாய் நன்றாக அமைந்திருக்கிறது, கையுறையோடு திருக முடிகிறது. சக்கரங்கள் சிமென்ட் தரைக்குச் சரி, புல்டோசர் நிற்கிற மண்ணுக்குச் சரியல்ல.

கூட வரும் நுண்ணுயிர்க்கொல்லி உயிருள்ளதைக் கொல்லும், அவ்வளவுதான். செத்த படலம் எங்கும் போய்விடாது. சுவரிலிருந்து உரிந்து, ஒன்றாகத் திரண்டு ஃபில்டருக்கே வரும். எனவே மருந்து ஊற்றிய பின் வழக்கத்தைவிட அதிக ஃபில்டர்கள் தீரும் என்று எதிர்பார்த்து, கைவசம் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். அடித்தண்ணீரை வடிக்காமல் ஊற்றுவது மருந்தை வீணாக்குவதாகும். அளவு, உள்ளே இருக்கிற டீசலின் அளவுக்குத்தானே தவிர டேங்கின் கொள்ளளவுக்கு அல்ல. கூடுதலாக ஊற்றினால் கூடுதல் நன்மை என்பதும் இல்லை. தோலில் பட்டால் எரிச்சலும் ஒவ்வாமையும் தரக்கூடிய பொருள் என்பதால் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் குப்பியைத் திறக்கக் கூடாது. பிசினால் வந்த அடைப்புக்கு இந்த மருந்து எதுவும் செய்யாது. தண்ணீரைக் கரைத்து எரித்துவிடும் என்று தனியாக விற்கும் ஆல்கஹால் கலவைகளைவிட இது எவ்வளவோ மேல். அந்தக் கலவைகள் தண்ணீரைச் செப்பரேட்டருக்குத் தப்ப வைத்து, எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு அனுப்புகின்றன, அங்கே அது ஆவியாக வெடித்து நாசில் நுனியைச் சிதைக்கிறது.

டீசலே கெட்டுப்போயிருந்தால் வண்டி அதைப் புதிதாக்காது என்பதையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். கருத்து, வார்னிஷ் வாடை அடிக்கும் டீசலை எத்தனை சுற்று ஓட்டினாலும் பிசின் மறுபடி மறுபடி பிரிந்துகொண்டே இருக்கும். அதை இயந்திரத்துக்குத் திருப்பாமல் கழிவெண்ணெய் எடுப்பவரிடம் கொடுப்பதே முறை. சுத்தம் செய்த டேங்கைக் காப்பாற்றும் வேலையோ வண்டியிடம் இல்லை, ஆபரேட்டரிடம் இருக்கிறது: வேலை முடிந்த மாலையில் டேங்கை நிரப்பி வைப்பது, மூடியின் கேஸ்கெட்டை மாற்றுவது, காலையில் எஞ்சினைத் தொடுவதற்கு முன் டிரெயினைத் திறந்து கொஞ்சம் வடிப்பது, சுத்தம் செய்த பிறகான முதல் ஃபில்டரைக் குறித்த மணிக்கணக்குக்கு முன்பே மாற்றி அறுத்துப் பார்ப்பது.

ஒரே ஒரு பழைய இயந்திரம் வைத்திருப்பவர் இந்த வண்டியை விலைகொடுத்து வாங்கத் தேவையில்லை. தகட்டைத் திறந்து கையால் சுத்தம் செய்துவிட்டு, டீசலைத் திருப்பி ஊற்றும் நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தால் போதும். பல இயந்திரங்களும் சொந்த டீசல் சேமிப்புத் தொட்டியும் வைத்திருப்பவர்களுக்கு வாங்கலாம் என்றே சொல்வேன். அவர்கள் இதை இயந்திரத்தின் டேங்கில் வைப்பதைவிடச் சேமிப்புத் தொட்டிக்கும் நிரப்பும் ஹோஸுக்கும் நடுவில் வைத்தால் அதிகப் பலன் கிடைக்கும். வாங்கும்போது நுண்ஃபில்டர் எந்தத் திருகு அளவில் வருகிறது என்று பார்த்து, பொதுவாகக் கிடைக்கும் ஃபில்டர்களும் அதில் பொருந்தும் தலையுள்ள மாதிரியையே கேளுங்கள். நான் பயன்படுத்தியதில் தயாரிப்பாளரின் சொந்த ஃபில்டர் மட்டுமே பொருந்துகிறது.